'டிக்' சத்தம் நின்றால் பட்டு நட்டம்!

மார்கழி மாதம். இரவு 2 மணி.

ஓசூர் பக்கம் பனி கொட்டுகிறது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் கம்பளியை இழுத்துப் போர்த்திக் கொண்டு தூங்குகிறார்கள்.

ஆனால் பட்டுப் புழு வளர்க்கிற வீட்டில் மட்டும் யாராவது ஒருவர் விழித்து இருப்பார். டார்ச் விளக்கைக் கையில் எடுத்துக் கொண்டு புழு அறைக்குப் போவார். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரைப் பார்ப்பார். பிறகு காதைத் தீட்டிக் கொண்டு நிற்பார்.

"டிக்!"

மூலையில் இருக்கும் மின்சார ஹீட்டரில் இருந்து அந்தச் சத்தம் வரும். அது வந்த பிறகுதான் அவருக்கு மனம் நிம்மதி அடையும். போய்ப் படுத்துக் கொள்வார்.

அது என்ன "டிக்"? அதற்காக ஒருவர் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ள வேண்டும்?

குட்டி இங்கிலாந்து

கிருஷ்ணகிரி மாவட்டம், தர்மபுரியில் இருந்து 2004-ம் ஆண்டு பிரிந்து உண்டான மாவட்டம். அதில் கர்நாடக எல்லையை ஒட்டி இருக்கிறது ஓசூர். பெங்களூர் அங்கிருந்து சுமார் 40 கிலோ மீட்டர்தான்.

ஓசூர் மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் உள்ள தளிக்கு "குட்டி இங்கிலாந்து" என்றே பெயர் உண்டு. மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் 15 டிகிரி சென்டிகிரேடுக்கும் கீழே இறங்குவது உண்டு.

ஓசூர் என்றால் தொழிற்சாலைகள் நினைவுக்கு வரும். அசோக் லேலண்டு லாரி, டி.வி.எஸ். மோட்டார் சைக்கிள், டைட்டன் கைக்கடிகாரம் எல்லாம் அங்கே ஆகின்றன.

ஆனால் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் மல்பெரித் தோட்டங்கள்! ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பகுதிகளில் பட்டுப் புழு வளர்ப்பது முக்கியமான தொழில். பட்டு வளர்ப்பைக் கற்றுக் கொடுக்க ஓசூரில் ஒரு பயிற்சி நிலையமே இருக்கிறது. பட்டுப் புழு இனங்களையும் மல்பெரி இனங்களையும் அழியாமல் சேர்த்து வைக்கும் மத்திய அரசு நிலையமும் ஓசூரில்தான் இருக்கிறது.

பல குடும்பங்களில் மகன் தொழிற்சாலைக்குப் போவான். தாய் புழு வளர்ப்பாள்.

புழுவுக்குக் குளிருமா?

குளிரும். மனிதனை விட அதிகமாகக் குளிரும்.

மனிதன் உடம்பில் எப்போதும் ஒரே அளவு சூடு இருக்கிறது. வெளியே பனி பெய்தாலும் உடம்புச் சூடு குறைவது இல்லை. புழு அப்படி அல்ல. அறை எவ்வளவு சூடோ, அவ்வளவுதான் புழுவின் சூடு. அறை குளிர்ந்தால் புழுவும் குளிர்ந்து போகும்.

புழு பிறந்து கூடு கட்டத் தொடங்குவதற்கு சுமார் 25 நாள் ஆகும். அந்த 25 நாளில் அதன் எடை 10 ஆயிரம் மடங்கு பெருகுகிறது! நடுவில் 4 தடவை தோல் உரிக்கும்.

முதல் இரண்டு பருவங்களில் அது இளம் புழு. கைக்குழந்தை மாதிரி. அப்போது அறையில் 27 அல்லது 28 டிகிரி சூடு வேண்டும். வளர வளர சூட்டைக் குறைத்துக் கொண்டே வர வேண்டும். கடைசிப் பருவத்தில் 24 டிகிரி போதும்.

சூடு குறைந்து விட்டால் என்ன ஆகும்?

புழு இலை தின்னாது. சுருண்டு கிடக்கும். சில புழுக்கள் தோல் உரிக்கும். சில உரிக்காது. 25 நாளில் முடிய வேண்டிய வேலை 30 நாள் இழுக்கும். குளிரோடு ஈரமும் சேர்ந்தால் காளான் நோய் வரும். செத்த புழு சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து விறைத்து விடும்.

சரி, சூடு அதிகம் ஆனால் நல்லதா? அதுவும் ஆகாது. இலை வாடி விடும். புழு நோயில் விழும்.

ஆகவே, ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இந்த வேலையைச் செய்கிற காவல்காரனுக்குத்தான் "தெர்மோஸ்டாட்" என்று பெயர்.

கரி அடுப்பு எமன்!

மின்சாரம் இல்லாத காலத்தில் புழு அறையில் கரி அடுப்பு வைத்தார்கள். இப்போதும் சிலர் வைப்பது உண்டு. அது ஆபத்து.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் கிடையாது. மணமும் கிடையாது. மூடிய அறையில் தூங்குகிறவர், தூக்கத்திலேயே இறந்து விடுவார்.

கரி மட்டும் அல்ல. வாயுவில் எரியும் ஹீட்டரும் அப்படித்தான். 2020-ம் ஆண்டு ஜனவரி மாதம், கேரளாவில் இருந்து நேபாள நாட்டுக்குச் சுற்றுலா போனவர்கள் டாமன் என்ற மலை ஊரில் தங்கினார்கள். குளிர் தாங்கவில்லை. கதவு, சன்னல்களை மூடிக் கொண்டு வாயு ஹீட்டரை வைத்துத் தூங்கினார்கள். 8 பேர் மூச்சுத் திணறி இறந்து போனார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள்!

மின்சார ஹீட்டரில் எதுவும் எரிவது இல்லை. அதனால் இந்த விஷ வாயு வராது. ஆனால் அதற்கு வேறு ஓர் ஆபத்து உண்டு. சூடு ஏறிக் கொண்டே போனால் தீப் பிடிக்கும். அதைத் தடுப்பதும் அந்தத் தெர்மோஸ்டாட்தான்.

"டிக்" என்பது என்ன?

வீட்டில் இருக்கும் தானியங்கி இஸ்திரிப் பெட்டியைக் கவனித்தவர்களுக்கு இது தெரியும். பெட்டி நன்றாகச் சூடு ஆனதும் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். சிவப்பு விளக்கு அணையும். கொஞ்சம் ஆறியதும் மறுபடியும் "டிக்". விளக்கு எரியும்.

ஹீட்டரிலும் இதே கதைதான்.

உள்ளே ஒரு சிறிய தகடு இருக்கிறது. விரல் நீளம் கூட இராது. பார்ப்பதற்கு ஒரே தகடு. உண்மையில் அது இரண்டு தகடு! பித்தளையையும் எஃகையும் முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

சூடு பட்டால் எந்த உலோகமும் நீளும். ஆனால் எல்லாம் ஒரே அளவு நீள்வது இல்லை. 1 மீட்டர் நீளமுள்ள பித்தளைக் கம்பியை 100 டிகிரி அதிகம் சூடு ஏற்றினால் ஏறக்குறைய 2 மில்லி மீட்டர் நீளும். அதே நீளமுள்ள இரும்புக் கம்பி 1.2 மில்லி மீட்டர்தான் நீளும்.

இரண்டையும் ஒட்டி வைத்தால்? பித்தளை நீளப் பார்க்கும். எஃகு விடாது. இந்தச் சண்டையில் தகடு வளைந்து விடும்.

வளைந்த தகடு மின்சாரப் பாதையைத் துண்டித்து விடுகிறது. "டிக்!" ஹீட்டர் நிற்கிறது. அறை ஆறியதும் தகடு நிமிர்கிறது. பாதை சேருகிறது. "டிக்!" ஹீட்டர் மறுபடியும் எரிகிறது.

இரண்டு உலோகங்களின் சண்டையால் புழு பிழைக்கிறது!

தச்சர் கண்ட அதிசயம்

இந்தத் தகட்டைக் கண்டுபிடித்தவர் ஹீட்டர் செய்தவர் அல்ல. கடிகாரம் செய்தவர்!

1707-ம் ஆண்டு இங்கிலாந்து நாட்டுக் கப்பல்கள் 4, வழி தெரியாமல் பாறைகளில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் அதிகமான மாலுமிகள் இறந்தார்கள். நடுக்கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்குப் பார்க்கச் சரியான கடிகாரம் வேண்டும். அப்படிப்பட்ட கடிகாரம் அப்போது கிடையாது. வழி கண்டுபிடிப்பவருக்கு 20 ஆயிரம் பவுன் பரிசு என்று 1714-ம் ஆண்டு அறிவித்தார்கள்.

ஜான் ஹாரிசன் என்ற தச்சர் இந்த வேலையில் இறங்கினார். வெயிலில் கடிகாரம் மெதுவாக ஓடியது. குளிரில் வேகமாக ஓடியது. என்ன செய்வது என்று யோசித்தார். பித்தளையையும் எஃகையும் சேர்த்து ஒரு தகடு செய்தார். சூடு மாறும்போது அது வளைந்து, கடிகாரத்தின் ஓட்டத்தைச் சரி செய்தது.

அந்தத் தகட்டை வைத்த கடிகாரத்தைச் செய்து முடிக்க அவருக்கு 19 ஆண்டு ஆயிற்று! அதன் பிறகு கையில் அடங்கும் கடிகாரம் ஒன்று செய்து வெற்றி பெற்றார். கடைசிப் பணம் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 80.

கடிகாரத்துக்குப் பிறந்த தகடு, இன்று கடிகார ஊரான ஓசூரில் பட்டுப் புழுவைக் காக்கிறது!

"முறுக்கி விடு, எரியும்!"

காவல்காரனுக்கே நோய் வந்து விட்டால் என்ன செய்வது?

இப்படி ஒரு வீட்டை நினைத்துப் பார்க்கலாம். எந்தப் பட்டு வீட்டிலும் நடக்கக் கூடியதுதான்.

தாய் புழு வளர்க்கிறாள். மகன் தொழிற்சாலையில் மின்சார வேலை பார்க்கிறான். இரவு ஷிப்டு முடிந்து காலையில் வீட்டுக்கு வருகிறான். தாய் வாசலிலேயே நிற்கிறாள்.

"தம்பி, ஹீட்டர் எரியவே இல்லைப்பா! அறை 19 டிகிரிக்கு வந்து விட்டது. புழு இலையைத் தொடவில்லை" என்கிறாள்.

பக்கத்து வீட்டுச் சித்தப்பாவும் வந்து விடுகிறார். அவர் ஹீட்டரைத் தட்டிப் பார்க்கிறார்.

"இதற்கு ஏன்டா கவலை? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி. இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி விடு. எரியும்!" என்கிறார்.

"எரியும் சித்தப்பா. ஆனால் நிற்காதே!" என்கிறான் மகன்.

அவன் சொன்னதுதான் சரி. காவல்காரனை விரட்டி விட்டால் ஹீட்டர் இரவு முழுவதும் எரியும். அறை 35 டிகிரி ஆனாலும் எரியும். 19 டிகிரியில் புழு சோர்ந்து கிடக்கும். மறுபடியும் சூடு கொடுத்தால் பல புழுக்கள் பிழைத்துக் கொள்ளும். அளவு மீறிய சூட்டில் பிழைக்காது. பக்கத்தில் காய்ந்த இலையோ, பழைய செய்தித்தாளோ, பிளாஸ்டிக் வலையோ இருந்தால் வீடே தீப் பிடிக்கும்.

நோய் எங்கே?

மகன் முதலில் பிளக்கைப் பிடுங்குகிறான். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். ஹீட்டர் நன்றாக ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தபடியாக, அதே இடத்தில் வேறு ஒரு சாமானைச் சொருகிப் பார்க்கிறான். அது வேலை செய்கிறது. ஆகவே, மின்சாரம் வருகிறது. நோய் ஹீட்டரில்தான் இருக்கிறது.

பிறகு ஹீட்டரின் குமிழைக் குறைந்த சூட்டில் இருந்து கூடுதல் சூட்டுக்கு மெதுவாகத் திருப்புகிறான். காதை வைத்துக் கேட்கிறான். வழியில் ஓர் இடத்தில் "டிக்" கேட்க வேண்டும். கேட்டால் தகடு அசைகிறது என்று அர்த்தம். ஆனால் சத்தம் வந்தாலும் மின்சாரம் பாயாமல் இருக்கலாம். அதை மல்டி மீட்டர்தான் சொல்லும்.

திருப்புளியால் மூடியைக் கழற்றுகிறான். ஒயர் முனைகள் கறுத்து இருக்கின்றனவா, தளர்ந்து இருக்கின்றனவா என்று பார்க்கிறான். பல தடவை நோய் இங்கேயே இருக்கும். தளர்ந்த முனை சூடு ஏறிக் கருகி விடும்.

முனைகள் நன்றாக இருக்கின்றன. தெர்மோஸ்டாட்டில் இருந்து ஒரு ஒயரைக் கழற்றி விட்டு, மல்டி மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பார்க்கிறான். குமிழைக் கூடுதல் சூட்டுக்குத் திருப்பினால் பாதை சேர வேண்டும். அறைச் சூட்டை விடக் குறைவாகத் திருப்பினால் பாதை பிரிய வேண்டும். எப்படித் திருப்பினாலும் சேரவே இல்லை என்றால் பாயிண்டில் அழுக்கு, அல்லது தகடு முறிந்து விட்டது. எப்போதும் சேர்ந்தே இருக்கிறது என்றால் பாயிண்டு உருகி ஒட்டிக் கொண்டது.

பாயிண்டு என்பது தகட்டின் நுனியில் உள்ள சின்னஞ்சிறு வெள்ளிப் பொட்டு. அது பிரியும்போது எல்லாம் ஒரு சிறு தீப்பொறி பறக்கும். நாளடைவில் பொட்டு குழி விழும்; கரி பிடிக்கும்.

பட்டு வீட்டில் இன்னொரு எதிரியும் உண்டு. நோய்க் கிருமிகளைக் கொல்ல பிளீச்சிங் பவுடர் தெளிக்கிறார்கள். சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள். இளம் புழுவுக்கு ஈரக் காற்று வேண்டும் என்று சாக்கை நனைத்துத் தொங்க விடுகிறார்கள். புழுவுக்கு இவை நல்லவை. பாயிண்டுக்குக் கெடுதல்! பிளீச்சிங் ஆவி உலோகத்தை அரித்து விடும். மருந்து தெளிப்பதற்கு முன்பு ஹீட்டரை வெளியே எடுத்து விட வேண்டும்.

வைத்தியம்

மகன் பாயிண்டைப் பார்க்கிறான். கறுத்து இருக்கிறது. குழி விழவில்லை.

கெட்டியான காகிதத் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து, இரண்டு பொட்டுக்கும் நடுவில் விட்டு மெதுவாக இழுக்கிறான். கரி காகிதத்தில் வந்து விடுகிறது. வெள்ளி பளபளக்கிறது. அப்படியும் போகாத கரி என்றால் மிக மெல்லிய எமரித் தாளால் ஓர் இழுப்பு இழுக்கலாம். முரட்டு உப்புத் தாள் கூடாது. வெள்ளியே தேய்ந்து போகும்.

தகட்டை வளைக்கவே கூடாது! கொஞ்சம் வளைத்தாலும் கணக்குத் தப்பி விடும். 27 டிகிரியில் நிற்க வேண்டிய ஹீட்டர் 33 டிகிரியில் நிற்கும்.

பாயிண்டு உருகி ஒட்டி இருந்தாலோ, குழி விழுந்து இருந்தாலோ சுத்தம் செய்து பயன் இல்லை. புதிய தெர்மோஸ்டாட்தான் போட வேண்டும். மூடி முத்திரை வைத்த தெர்மோஸ்டாட்டையும் பிரிக்கக் கூடாது, மாற்ற வேண்டும்.

மாற்றும்போது கடைக்காரரிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, எத்தனை டிகிரிக்கு உரியது என்பது. மற்றொன்று, எத்தனை ஆம்பியர் என்பது. 2 ஆயிரம் வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் தாங்கும் தெர்மோஸ்டாட் போட்டால் நீடித்து உழைக்கும். பழையது கையில் இருந்தால் அதையே காட்டி, அதே மாதிரி வாங்கலாம்.

ஹீட்டருக்குள் வேறு ஒரு காவல்காரனும் இருப்பான். அவன் அவசரக் காவல்காரன். தெர்மோஸ்டாட் தவறினாலும், சூடு அளவு மீறும்போது அவன் மின்சாரத்தைத் துண்டிப்பான். அவனையும் கழற்றக் கூடாது.

சோதனை

ஸ்பிரிட் காய்ந்தது. மகன் மூடியைப் போட்டான். ஹீட்டரின் உடம்புக்கும் பிளக்கின் எர்த்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டி மீட்டரால் பார்த்தான். ஈரச் சாக்கு தொங்கும் அறையில் எர்த் இல்லாத ஹீட்டர், உயிருக்கு ஆபத்து!

உடனே புழு அறைக்குக் கொண்டு போய் விடலாமா? கூடாது. முதலில் வேறு அறையில் வைத்தான். தெர்மாமீட்டரைப் புழுத் தட்டு இருக்கும் உயரத்தில் தொங்க விட்டான். ஹீட்டர் எத்தனை டிகிரியில் நிற்கிறது, எத்தனை டிகிரியில் மறுபடியும் எரிகிறது என்று மூன்று தடவை பார்த்துச் சுவரில் எழுதினான். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை.

ஹீட்டரின் குமிழில் உள்ள எண்ணை மட்டும் நம்பக் கூடாது. குமிழ் ஹீட்டர் இருக்கும் இடத்துச் சூட்டைத்தான் அறியும். புழு இருக்கும் இடத்துச் சூட்டைச் சொல்வது தெர்மாமீட்டர்தான்.

புழு அறையில் ஹீட்டரைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு எதுவும் இருக்கக் கூடாது. ஈரச் சாக்கின் தண்ணீர் அதன்மேல் சொட்டவும் கூடாது.

இந்த வேலை எல்லோரும் செய்யக் கூடியது அல்ல. பிளக்கைப் பிடுங்குவது, "டிக்" கேட்கிறதா என்று பார்ப்பது, தெர்மாமீட்டரைக் கவனிப்பது ஆகியவற்றை வீட்டில் உள்ள எவரும் செய்யலாம். மூடியைத் திறப்பது, மின்சார வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது.

பணமும் மிச்சம்

தெர்மோஸ்டாட் புழுவை மட்டும் அல்ல, பணத்தையும் காக்கிறது.

2 ஆயிரம் வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். 12 மணி நேரம் நிற்காமல் எரிந்தால் 24 யூனிட்! தெர்மோஸ்டாட் விட்டு விட்டு எரிய வைத்தால், பாதி நேரம்தான் எரியும் என்று வைத்துக் கொண்டாலும் 12 யூனிட்தான். ஒவ்வொரு இரவும் 12 யூனிட் மிச்சம்.

அன்று இரவு தாய் டார்ச் விளக்கை எடுத்துக் கொண்டு புழு அறைக்குப் போகிறாள். தெர்மாமீட்டரில் 27 டிகிரி. தட்டுகளில் "சரசர" என்று மெல்லிய ஓசை. சாரல் மழை இலைமேல் விழுவது போன்ற ஓசை. ஆயிரக் கணக்கான புழுக்கள் இலை தின்னும் ஓசை அது!

மூலையில் "டிக்!"

தாய் கதவைச் சாத்திக் கொண்டு, தூங்கப் போகிறாள்.